‘அருபைற்றோ’: ஒரு யப்பானியச் சொல்லின் ஐரோப்பிய மூலமும் சமூக வரலாறும்

1

ஒரு மொழியிற் புகுந்து வழங்கும் பிறமொழிச் சொற்களைப் பற்றிய ஆய்வு, பெரும்பாலும் அச்சொற்களின் மூலத்தைக் கண்டு கூறுவதோடு நின்றுவிடுகின்றது. இன்ன சொல் இன்ன மொழியிலிருந்து வந்தது என்று பட்டியலிடப்பட்டதும் ஆய்வு முடிந்ததாகக் கொள்ளப்படுகின்றது. மூலத்தை அறிதல் இன்றியமையாததே. ஆயின், அதனை அறிந்த பின்னரும் வேறு சில வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அச்சொல்லை யார் கொண்டுவந்தனர்? யார் முதலில் வழங்கினர்? புதிய மண்ணிலே அது எத்தேவையை நிறைவுசெய்தது? இவ்வினாக்களுக்கு விடை தேட முற்படும்போதே சொல்வரலாறு சமூக வரலாறாக விரிவடைகின்றது.

இதனை விளக்குதற்கு, யப்பானில் இன்று நாள்தோறும் வழங்கும் ‘அருபைற்றோ’ என்னும் சொல்லை நாம் எடுத்துக்கொள்வோம். உணவகத்திலே பாத்திரம் கழுவும் பல்கலைக்கழக மாணவனும், இரவு முழுவதும் திறந்திருக்கும் கடையிலே பணம் வாங்கும் இளம்பெண்ணும் தாம் செய்வதை ‘அருபைற்றோ’ என்பர். ‘பைற்றோ’ என்னும் அதன் குறுக்கமே பேச்சிற் பெருவழக்கு. முழுநேரப் பதவி அல்லாத, மணிக்கணக்கிற் கூலி பெறும் வேலை என்பது அதன் பொருள்.

இச்சொல்லின் மூலம் ‘அர்பைற்’ என்னும் ஜேர்மன் சொல்லாகும். ஜேர்மன் மொழியில் அது உழைப்பைப் பொதுவாகக் குறிப்பது. சுரங்கத் தொழிலாளியின் உழைப்பும், உழவனின் உழைப்பும், ஆய்வாளன் எழுதி முடித்த ஆய்வும் அம்மொழியில் ‘அர்பைற்’ எனவே படும். உழைப்பு முழுவதையும் தன்னுள் அடக்கிய ஒரு சொல், யப்பானை அடைந்ததும் உழைப்பின் ஓரத்தில் நிற்பதை மட்டுமே சுட்டும் சொல்லாயிற்று. இக்குறுக்கம் எவ்வாறு நிகழ்ந்தது? அதனாற் பயனடைந்தோர் யாவர்? இவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

2

ஐரோப்பியச் சொற்கள் யப்பானிய மொழியில் ஒரே காலத்திலோ ஒரே வழியிலோ புகுந்தவையல்ல. ஆங்கிலச் சொற்கள் பெருகுமுன்னர் வந்து சேர்ந்த மூன்று அடுக்குகளை நாம் தெளிவாக இனங்காணலாம்.

முதலாவது போர்த்துக்கேய அடுக்கு. 1543 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் தனெகஷிமாத் தீவை அடைந்தனர். அவர்களைத் தொடர்ந்து வணிகரும் கத்தோலிக்கக் குருமாரும் வந்தனர். புகையிலையைக் குறிக்கும் ‘தபாக்கோ’, மழைக்கு அணியும் மேலங்கியைக் குறிக்கும் ‘கப்பா’, உணவுப்பொருளைக் குறிக்கும் ‘பன்’ ஆகியவை அத்தொடர்பின் எச்சங்கள். ஈழத்தமிழர் நாள்தோறும் கூறும் ‘பாண்’ என்ற சொல்லும் யப்பானியரின் ‘பன்’ என்ற சொல்லும் ஒரே போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தவை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது ஒல்லாந்த அடுக்கு. 1639 இல் தொக்குகாவா ஆட்சியாளர் போர்த்துக்கேயரின் வருகையைத் தடைசெய்தனர். 1641 முதல், நாகசாகித் துறைமுகத்திலே ‘தெசிமா’ என்னும் சிறிய செயற்கைத் தீவில் ஒல்லாந்த வணிகர் அடைத்துவைக்கப்பட்டனர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக யப்பானியர் ஐரோப்பாவை நோக்கிய ஒரே சாளரமாக அத்தீவு விளங்கியது. அச்சாளரத்தின் வழியே நூல்கள் வந்தன. 1774 இல் சுகித்தா கென்பக்குவும் அவர்தம் நண்பரும் வெளியிட்ட உடற்கூற்று நூல் ஒல்லாந்த மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டதே. அவ்வொல்லாந்த நூலோ குல்முஸ் என்னும் ஜேர்மன் மருத்துவர் எழுதிய நூலின் பெயர்ப்பாகும். எனவே, ஜேர்மன் அறிவு முதன்முதலில் ஒல்லாந்த உடை தரித்தே யப்பானுக்குள் வந்தது எனலாம். ஒல்லாந்த மொழியில் எந்தக் கத்தியையும் குறிக்கும் ‘மெஸ்’ என்ற சொல், யப்பானிய மொழியிலே சத்திரசிகிச்சைக் கத்தியை மட்டும் குறிப்பது இதன் விளைவேயாம்.

அதே ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி அங்கு ஆட்சி செலுத்தினர். அவர்கள் இங்கு விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று ‘கந்தோர்’. அலுவலகத்தைக் குறிக்கும் அச்சொல் ஆட்சியின் வாயிலாக வந்தது. யப்பானிலே ஒல்லாந்தர் காவலின்கீழ் இருந்த வணிகர். இங்கு வரி வாங்கிய ஆட்சியாளர். ஒருசாராரிடமிருந்து மருத்துவக் கருவியின் பெயரும், மறுசாராரிடமிருந்து அதிகாரபீடத்தின் பெயரும் பெறப்பட்டன. இதனை மாறாத விதியாகக் கூறுதல் பொருந்தாது. எனினும், கடன்சொல் என்பது இரு மொழிகளுக்கிடையே மட்டும் நிகழும் ஒன்றன்று, இரு சமூகங்களுக்கிடையே நிலவிய உறவின் பதிவும் ஆகும் என்பதனை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகின்றது.

மூன்றாவது ஜேர்மன் அடுக்கு. முன்னையவற்றுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. இச்சொற்களை வணிகர் கொண்டுவரவில்லை; பாதிரிமார் கொண்டுவரவில்லை. யப்பானிய அரசே தெரிந்தெடுத்து இறக்குமதி செய்த கல்வியின் உடன்விளைவாக அவை வந்தன.

3

1868 இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சி, நிலமானிய அமைப்பை மேலிருந்து கலைத்து, விரைந்து ஒரு முதலாளித்துவ அரசைக் கட்டியெழுப்ப முனைந்தது. அதற்கு மாதிரிகள் தேவைப்பட்டன. மருத்துவத்துக்கு ஜேர்மனியே மாதிரியென முடிவுசெய்யப்பட்டது. 1871 இல் முல்லர், ஹொஃப்மன் என்னும் இரு ஜேர்மன் இராணுவ மருத்துவர்கள் டோக்கியோவிலே கற்பிக்கத் தொடங்கினர். நோயாளரின் குறிப்பேட்டைச் சுட்டும் ‘கருத்தே’, காயத்துக்குக் கட்டும் மென்துணியைச் சுட்டும் ‘காசே’, எலும்பு முறிவுக்கு இடும் கட்டினைச் சுட்டும் ‘கிபுசு’ ஆகியன யப்பானிய மருத்துவமனைகளில் வேரூன்றியமை இவ்வாறே.

அரசியலும் அவ்வழியிற் சென்றது. 1882 இல் இத்தோ ஹிரொபூமி அரசியலமைப்புகளை ஆராய ஐரோப்பா சென்று, பெர்லினில் க்னைஸ்ற் என்பாரிடமும் வியன்னாவில் ஸ்ரைன் என்பாரிடமும் பாடங்கேட்டார். 1885 இல் மெக்கெல் என்னும் பிரசிய அதிகாரி யப்பானிய இராணுவக் கல்லூரியிற் கற்பிக்க வந்தார். 1889 இல் பிரகடனஞ்செய்யப்பட்ட அரசியலமைப்பு, இறைமையைப் பேரரசரிடத்தே வைத்தது.

இவ்விடத்தில் ஒரு காலப்பொருத்தத்தைச் சுட்டுதல் அவசியம். 1875 இலே கோதா நகரில் ஜேர்மன் சோசலிசத் தொழிலாளர் கட்சி உருவாயிற்று. ‘அர்பைற்’ என்ற சொல்லடியாகப் பிறந்த ‘தொழிலாளர்’ என்னும் பெயரை அக்கட்சி தாங்கி நின்றது. 1878 முதல் 1890 வரை பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டம் சோசலிசவாதிகளின் சங்கங்களையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்திருந்தது. இத்தோ ஜேர்மனியில் அரசியற் பாடங்கேட்டது இத்தடை நடைமுறையில் இருந்த காலத்திலேயே. யப்பானிய ஆளும் வர்க்கம் ஜேர்மனியின் அரசறிவியலை விரும்பி ஏற்றது. அந்நாட்டுத் தொழிலாளரின் அரசியலை ஏற்கவில்லை. 1900 இல் இயற்றப்பட்ட பொது அமைதிப் பொலிஸ் சட்டமும், 1925 இல் இயற்றப்பட்ட அமைதி பேணற் சட்டமும் அதற்குச் சான்றுகள். உழைப்பைக் குறிக்கும் ஜேர்மன் சொல் யப்பானில் தொழிற்சாலையின் வழியாகவன்றி வகுப்பறையின் வழியாகவே புகுந்தது என்பதனை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

4

அவ்வகுப்பறை எது? பேரரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்த உயர்நிலைப் பள்ளிகளே அவை. முதலாம் பள்ளி, இரண்டாம் பள்ளி என எட்டாம் பள்ளி வரை எண்ணாற் பெயர்பெற்ற பள்ளிகள் அவற்றுட் சிறந்தனவாக மதிக்கப்பட்டன. அங்கு புகுந்தோர் அவ்வயது இளைஞருள் மிகச் சிறிய தொகையினர்; நாளைய அமைச்சர், நீதிபதி, மருத்துவர், பேராசிரியர் ஆகும் தகுதி பெற்றோர். மருத்துவமும் சட்டமும் தத்துவமும் பயில விழைந்தோர்க்கு ஜேர்மன் மொழி இன்றியமையாததாயிற்று. 1918 இன் உயர்நிலைப் பள்ளிக் கட்டளைக்குப் பின்னர், ஆங்கிலத்தை, ஜேர்மனை, பிரெஞ்சை முதல் அந்நியமொழியாகக் கொள்வதற்கேற்ப மாணவர் பிரிவுகளாக வகுக்கப்பட்டனர்.

விடுதிகளில் ஒன்றாக வாழ்ந்த இம்மாணவரிடையே ஒரு குழூஉக்குறி தோன்றியது. பெண்ணை ‘மெச்சென்’ என்றனர். பணத்தைக் ‘கெரு’ என்றனர். உண்பதை ‘எஸ்ஸென்’ என்றனர். இவையாவும் ஜேர்மன் சொற்களின் திரிபுகள். ‘அருபைற்றோ’வும் இக்கூட்டத்திற் பிறந்ததே. கல்விசார்ந்த உழைப்பு, ஆய்வின் பயன் என்னும் பொருளும் அதற்கு இருந்தது. படிப்பின் இடையே பணத்துக்காகச் செய்யும் வேலை என்னும் பொருளும் இருந்தது. முதலாவது பொருள் இன்று அகராதிகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. நிலைபெற்றது இரண்டாவதே.

படிப்பின் இடையே செய்யும் வேலைக்கு யப்பானிய மொழியிற் சொல் இல்லாமலில்லை. ‘நைசொக்கு’ என்னும் சொல் பழமையானது. தொக்குகாவாக் காலத்திலே, கீழ்நிலைச் சாமுராய்கள் தம் ஊதியம் போதாமையாற் குடை செய்தல் முதலான கைவேலைகளை வீட்டிலிருந்தே செய்தனர். அதுவே நைசொக்கு. பின்னர் ஏழைக் குடும்பப் பெண்கள் வீட்டிலிருந்து செய்த துண்டுக்கூலி வேலைக்கும் அது பெயராயிற்று. அச்சொல்லில் வறுமையின் மணம் இருந்தது. பிறர் பிள்ளைக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்துப் பணம் பெற்ற உயர்நிலைப் பள்ளி மாணவன், தான் செய்வதை அப்பெயரால் அழைக்க நாணியிருப்பான் என நாம் ஊகிக்கலாம். ஜேர்மன் சொல் அவ்வேலைக்குக் கல்வியின் பூச்சைத் தந்தது. அன்றியும், அவ்வேலை தற்காலிகமானது, தான் அதனால் தொழிலாளியாகிவிடவில்லை என்னும் உறுதியையும் அது அவனுக்கு அளித்தது.

தொழிலாளியின் உழைப்பு வேறு சொல்லாற் குறிக்கப்பட்டது. அது ‘ரோடோ’. அச்சொல்லின் இரண்டாம் எழுத்து, மனிதனைக் குறிக்கும் குறியையும் அசைவைக் குறிக்கும் குறியையும் சேர்த்து யப்பானியர் தாமே ஆக்கிக்கொண்டதாகும். 1897 இலே தொழிற்சங்கங்களை உருவாக்குதற்கெனத் தக்கானோ ஃபுசத்தாரோ, கத்தயாமா சென் முதலியோர் அமைத்த கழகம் இச்சொல்லையே தன் பெயரிற் கொண்டிருந்தது. 1920 களில் தக்கபத்தாக்கே மொத்தொயுக்கி மார்க்ஸின் ‘மூலதனம்’ முழுவதையும் முதன்முறையாக யப்பானிய மொழியில் வெளியிட்டபோது, மார்க்ஸ் ‘அர்பைற்’ என்று எழுதிய கருத்து யப்பானிய வாசகரை ‘ரோடோ’ என்னும் சொல்லாலேயே அடைந்தது. இது ஓர் ஆழ்ந்த முரண். மார்க்ஸின் சொல் மாணவனின் கைச்செலவுப் பணத்துக்குப் பெயராயிற்று. மார்க்ஸின் கருத்து வேறொரு சொல்லிற் குடியேறியது. நூலிலே ‘அர்பைற்’ என்று படித்த அதே மாணவன், மாலையில் ‘அருபைற்றோ’வுக்குச் சென்றபோது அவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணவில்லை.

5

இச்சொல் மாணவர் விடுதியைத் தாண்டி நாட்டின் பொதுச்சொல்லாகியது 1945 இன் பின்னரே. போரின் இறுதிக் கட்டத்தில் மாணவர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வேலைக்கு அரசு இட்ட பெயர் ‘கின்ரோ’, அதாவது நாட்டுக்குச் செய்யும் உழைப்புக் கடமை. தோல்வியின் பின்னர் பணவீக்கமும் உணவுப் பஞ்சமும் நடுத்தர வர்க்கக் குடும்பங்களையும் வாட்டின. 1949 இல் நடைமுறைக்கு வந்த புதிய பல்கலைக்கழக அமைப்பு முன்னெப்போதுமில்லாத தொகையினரை உயர்கல்விக்கு ஈர்த்தது. மாணவர் பலருக்கு வேலையின்றிப் படிப்பு இல்லை என்னும் நிலை உருவாயிற்று. ‘அருபைற்றோ’ விளையாட்டுச் சொல்லாக இருந்த காலம் அத்துடன் முடிவுற்றது.

இக்காலத்திலேயே தொழிலாளர் உரிமைகள் சட்டவடிவம் பெற்றன. 1945 டிசெம்பரில் தொழிற்சங்கச் சட்டமும் 1947 இல் தொழில் நியமச் சட்டமும் இயற்றப்பட்டன. பின்னைய சட்டம், வேலையின் வகை எதுவாயினும் கூலி பெற்று வேலைசெய்வோர் யாவரும் தொழிலாளரே என வரையறுத்தது. அங்கே அருபைற்றோ என்று தனியொரு வகுப்பு இல்லை. சட்டத்தின் கண்ணில் உணவகத்து மாணவனும் உருக்காலை ஊழியனும் தொழிலாளரே. ஆயின் வழக்கிலே, ஒருவன் செய்வது வேலை, மற்றவன் செய்வது அருபைற்றோ. சட்டம் இணைத்ததைச் சொல் பிரித்தது.

இப்பிரிவினை வேறொரு திசையிலும் விரிந்தது. 1954 இல் டோக்கியோவிலே ஒரு பெரிய வணிக நிலையம், சில மணிநேரம் மட்டும் வேலைசெய்யும் பெண்களை ‘பார்ற்’ என்னும் ஆங்கிலச் சொல்லாற் குறித்து விளம்பரஞ்செய்தது. அதன்பின் குடும்பப் பெண்கள் செய்யும் குறுநேர வேலை ‘பார்ற்’ எனவும், மாணவர் செய்வது ‘அருபைற்றோ’ எனவும் வழங்கலாயின. செய்யும் வேலை ஒன்றாகவே இருப்பினும் செய்பவரின் வயதும் பாலும் பெயரை நிர்ணயித்தன. இரு பெயர்களின் பின்னும் ஒரே எடுகோள் மறைந்திருந்தது. பெண்ணுக்குக் கணவன் உண்டு. மாணவனுக்குத் தந்தை உண்டு. எனவே அவர்க்குக் கொடுக்கப்படும் கூலி ஒருவரின் வாழ்வுக்குப் போதுமானதாக இருக்கவேண்டியதில்லை என்பதே அவ்வெடுகோள். உழைப்பின் விலையைக் குறைப்பதற்குச் சொல்லும் ஒரு கருவியாயிற்று என நாம் கூறுவது இதனாலேயே.

6

பொருளாதாரம் வளர்ந்த காலத்தில் இக்கருவியின் கூர்மை பலருக்குப் புலப்படவில்லை. மாணவன் பட்டம் பெற்றதும் ஒரு நிறுவனத்தில் நிரந்தர ஊழியனாவான். அருபைற்றோ அவன் வாழ்வின் ஓர் இடைக்காலம் மட்டுமே. 1987 அளவில் வேலைவாய்ப்புச் சஞ்சிகை வட்டாரத்திலிருந்து பரவிய ‘புரீற்றா’ என்னும் புதுச்சொல் அவ்விடைக்காலத்தையே வாழ்வாக்கியது. சுதந்திரம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும், தொழிலாளி என்னும் பொருளுடைய ‘அர்பைற்றர்’ என்ற ஜேர்மன் சொல்லையும் ஒட்டி அது ஆக்கப்பட்டது. நிறுவனத்துக்குக் கட்டுப்படாது தன் விருப்பப்படி வாழும் இளைஞன் என்ற கவர்ச்சி அதிற் பொதிந்திருந்தது. ‘சுதந்திரத் தொழிலாளி’ என அப்பெயரைத் தமிழாக்கும்போது, தன் உழைப்பை விற்பதற்கு மட்டுமே சுதந்திரமுடையவன் என மார்க்ஸ் வருணித்த தொழிலாளி நம் நினைவுக்கு வருகின்றான்.

1990 களின் தொடக்கத்திலே நிலமும் பங்குகளும் வீழ்ச்சியடைந்து நீண்ட மந்தம் ஏற்பட்டபோது அக்கவர்ச்சி கலைந்தது. 1995 இல் யப்பானியத் தொழில்கொள்வோர் சம்மேளனம் வெளியிட்ட அறிக்கை ஊழியரை மூவகையாக வகுத்தது. நெடுங்காலம் வைத்திருக்கப்படுவோர் ஒரு வகையினர். சிறப்புத்திறன் உடையோர் ஒரு வகையினர். தேவைக்கேற்ப எடுத்து விலக்கப்படுவோர் மூன்றாம் வகையினர். 1985 இல் இயற்றப்பட்ட ஊழியர் அனுப்பீட்டுச் சட்டம் 1999 இலும் 2004 இலும் தளர்த்தப்பட்டது. அரசின் தொழிற்படைக் கணக்கெடுப்பின்படி, 1984 இல் ஊழியருள் நிரந்தரமற்றோர் ஏறத்தாழ 15 வீதத்தினர். 2019 இல் ஏறத்தாழ 38 வீதத்தினர். மாணவனின் இடைக்கால வேலையைக் குறித்த சொல், பட்டம் பெற்றுப் பல்லாண்டுகள் கடந்தும் வேறு வேலை பெறாதவனின் நிலையைக் குறிக்கும் சொல்லாயிற்று.

இந்நிலையில் 2008 இலே ஒரு குறிப்பிடத்தக்க இலக்கிய நிகழ்ச்சி நடந்தது. கொபயாஷி தக்கிஜி 1929 இல் எழுதிய ‘நண்டுக் கப்பல்’ நாவலை இளைஞர் பெருந்தொகையாக வாங்கிப் படிக்கலாயினர். கொபயாஷி 1933 இலே பொலிசாரின் சித்திரவதையால் உயிரிழந்தவர். வடகடலில் நண்டு பிடித்துத் தகரத்தில் அடைக்கும் கப்பலிலே கொடுமைக்குள்ளாகும் தொழிலாளரின் கதை அது. அவர்களிடையே தரகரால் ஏமாற்றப்பட்டு வந்த மாணவரும் உளர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின்னர், நிரந்தரமற்ற வேலையிலிருந்த இளைஞர் அக்கப்பலிலே தம்மைக் கண்டனர். அவ்வாண்டின் இறுதி நாளிலிருந்து 2009 சனவரி 5 வரை, வேலையும் தங்குமிடமும் இழந்தோருக்காக டோக்கியோவின் ஹிபியாப் பூங்காவிலே கூடாரங்கள் அமைக்கப்பட்டன. தாம் செய்ததும் ‘ரோடோ’வே, தாமும் தொழிலாளரே என்னும் உணர்வு மீண்டதன் அடையாளங்களாக இவற்றை நாம் கொள்ளலாம்.

அவ்வுணர்வு சொல்லாக்கத்திலும் வெளிப்பட்டது. 2013 அளவில், மாணவரின் படிப்பைக் கெடுக்குமளவு வேலைவாங்கும் நிலையங்களைச் சுட்டக் ‘கறுப்புப் பைற்றோ’ என்னும் தொடர் வழக்கில் வந்தது. 2018 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத் தொகுதி, நிரந்தர ஊழியருக்கும் மற்றோருக்கும் இடையே நியாயமற்ற வேறுபாடு காட்டலைத் தடைசெய்தது. அவ்விதிகள் 2020 ஏப்ரலிற் பெரிய நிறுவனங்களுக்கும் 2021 ஏப்ரலிற் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. 1947 இன் சட்டம் அவர்கள் யாவரையும் தொழிலாளர் என்று கூறி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரே இது நிகழ்ந்தது.

இச்சொல்லின் பயணம் யப்பானோடு நின்றுவிடவில்லை. 1910 முதல் 1945 வரை நீடித்த யப்பானிய ஆட்சியின் தொடர்பால் அது கொரிய மொழியிலும் புகுந்தது. யப்பானியர் சொல்லின் பின்பகுதியை வைத்துக்கொண்டு ‘பைற்றோ’ என்கின்றனர். கொரியர் முன்பகுதியை வைத்துக்கொண்டு ‘அல்பா’ என்கின்றனர். குறுக்கம் வேறாயினும் குறைந்த கூலி வேலை என்னும் பொருள் ஒன்றே.

7

‘அர்பைற்’ என்ற சொல்லின் பழைய வடிவம் ஜேர்மன் மொழியில் துன்பம், இடர் என்னும் பொருள்களையே தந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘நிபெலுங்கென்’ காப்பியத்திலும் அது அப்பொருளில் வருகின்றது. துன்பத்தைக் குறித்த சொல் ஐரோப்பாவிலே படிப்படியாக உழைப்பின் பெயராகி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வர்க்கத்தின் கொடிமீது எழுதப்பட்ட பெயராகவும் உயர்ந்தது. யப்பானுக்குச் சென்ற வழியில் அவ்வரலாறு முழுவதும் உதிர்ந்துவிட்டது. பின்னர் யப்பானிய உழைப்பாளரின் வாழ்வே பழைய பொருளை அதற்கு மீட்டுக் கொடுத்தது.

மூலச்சொல்லை மட்டும் கண்டு அமைந்துவிடும் ஆய்வுக்கு இவ்வுண்மை புலப்படாது. ‘ஜேர்மன் மொழியிலிருந்து வந்தது’ என்னும் ஒருவரி விளக்கம் பிழையானதன்று. ஆயின், அது சொல்லின் பிறப்பிடத்தைக் கூறுகின்றதேயன்றி அதன் வாழ்வைக் கூறவில்லை. ‘பாண்’, ‘கந்தோர்’ முதலிய சொற்களைப் பட்டியலிட்டு வரும் நமது மொழியாய்வுக்கும் இது பொருந்தும். ஒரு சொல்லை எவர் எவருக்கு, எந்த உறவின் அடிப்படையிற் கொடுத்தனர் என்பதையும், அதனால் எவருடைய உழைப்பு உயர்த்தப்பட்டது, எவருடைய உழைப்பு மறைக்கப்பட்டது என்பதையும் சேர்த்து ஆராயும்போதே கடன்சொல் ஆய்வு தன் பணியை நிறைவுசெய்ததாகும்.